கரையான் தின்றது போக

தேவாரம். இந்த நாலு எழுத்தைப் பார்த்ததும் நம்ம தேனி, கம்பம் பக்கத்துப் பசங்களுக்கு முதலில் ஞாபகம் வருவது பஸ் போர்டுதான். போடியிலிருந்து கிளம்பினால் சிலமலை, ராசிங்கபுரம், அப்புறம் தேவாரம். அதையும் தாண்டினால் பண்ணைப்புரம், கோம்பை. வெளியூரிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிற நண்பர்களுக்கோ தேவாரம் என்றால் கோயிலில் ஓதுவார் பாடுகிற பாட்டு. ரெண்டு பேர் சொல்வதும் சரிதான். ஆனா அந்தப் பாட்டு இத்தனை நூற்றாண்டு தாண்டி நம்ம காது வரைக்கும் எப்படி வந்து சேர்ந்தது? அதைத் தெரிஞ்சுக்க ஒரு மனுஷனோட வாழ்க்கையைத் தெரிஞ்சுக்கணும். அவர் பெயர் நம்பியாண்டார் நம்பி.

ஹார்ட் டிஸ்க் கிராஷ் ஆகி, ப்ராஜெக்ட் ரிப்போர்ட் போய், ரெவ்யூவுக்கு முந்தின ராத்திரி முழிச்சிருந்த அனுபவம் உங்களில் சிலருக்காவது இருக்கும். நம்பி சந்தித்ததும் அதே பிரச்சினைதான். என்ன, அவருடையது ஒரு செமஸ்டர் வேலை இல்லை. ஒரு மொழியோட பல நூற்றாண்டுப் பாட்டு.

முதலில் பின்னணி. அப்பரும் சம்பந்தரும் 7-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர்கள். சுந்தரர் அவர்களுக்குப் பின்னால் வந்தவர். மூன்று பேரும் ஊர் ஊராகப் போனார்கள். போன ஊரில் இருந்த சிவன் மேல் பாடினார்கள். பெரும்பாலும் பத்துப் பதினொரு பாட்டு சேர்ந்தது ஒரு பதிகம். அந்தக் காலத்தில் இதற்குத் திருப்பதியம் என்று பெயர். தேவாரம் என்ற பெயர் இந்தப் பாடல்களுக்கு ஒட்டிக்கொண்டது பிற்பாடுதான். சோழர் கல்வெட்டுகளில் தேவாரம் என்ற சொல் வரும்; ஆனால் அங்கே அது அரசர் தன் வீட்டில் வைத்துச் செய்யும் பூசையைக் குறிக்கும்.

அந்தப் பாட்டுகள் எழுதப்பட்டது பனையோலையில். ஓலையை ஒரு ஸ்டோரேஜ் மீடியமாக நினைத்துப் பாருங்கள். எழுத்தாணியால் கீறணும், கீறின இடம் தெரிய மை தடவணும், துளை போட்டு நூல் கோர்த்துக் கட்டணும். மெய்யெழுத்துக்குப் புள்ளி வைத்தால் ஓலை கிழியும் என்று பெரும்பாலும் வைக்க மாட்டார்கள். எகரம் ஏகாரம், ஒகரம் ஓகாரம் வித்தியாசமும் எழுத்தில் தெரியாது. சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. பாட்டுக்குப் பாட்டு வரி மடக்கி எழுதுகிற பழக்கமும் கிடையாது. நம்ம ஊர் வெக்கையில், ஈரத்தில், பூச்சியில் ஓர் ஏடு சில நூறு வருஷம் தாங்கினாலே பெரிய விஷயம். அதற்குள் யாராவது புது ஏட்டில் படி எடுத்தாகணும். எடுக்கலைன்னா போச்சு.

இதற்கு நம்ம பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கு. சின்னமனூரில் கிடைத்த பாண்டியர் செப்பேடுகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மகாபாரதம் தமிழில் பெயர்க்கப்பட்ட செய்தியை அந்தச் செப்பேடு சொல்கிறது. செம்பில் வெட்டிய செய்தி பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டது. அது சொல்கிற அந்தப் பழைய பாரதம் நமக்குக் கிடைக்கவில்லை. ஏட்டில் இருந்ததைப் படி எடுக்க ஆள் இல்லாமல் போனால் இதுதான் கதி.

இனி நம்பிக்கு வருவோம். அவர் பிறந்தது திருநாரையூர். காட்டுமன்னார்கோயில் பக்கத்தில், இன்றைய கடலூர் மாவட்டத்தில் இருக்கிறது. அப்பா அந்த ஊர்க் கோயிலில் பிள்ளையாருக்குப் பூசை செய்கிற ஆதிசைவர். அங்கே இருப்பவர் பொல்லாப் பிள்ளையார். பொல்லாத என்று பயப்பட வேண்டாம். பொள்ளுதல் என்றால் செதுக்குதல். உளியால் செதுக்காமல் தானாக அமைந்தவர் என்பதால் பொள்ளாப் பிள்ளையார். பேச்சு வழக்கில் அவர் பொல்லாதவர் ஆகிவிட்டார்.

நம்பியின் வாழ்க்கையை விவரமாகச் சொல்கிற பழைய நூல் திருமுறை கண்ட புராணம். 14-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த உமாபதி சிவாச்சாரியார் பெயரில் வழங்குவது. புராணம் என்று பெயரிலேயே இருப்பதால் அதைப் புராணமாகவே கேட்போம். கல்வெட்டு சொல்வதைத் தனியாகப் பார்ப்போம்.

ஒருநாள் அப்பா வெளியூர் போகிறார். பூசை பொறுப்பு பையனிடம் வருகிறது. பையன் குளிப்பாட்டி, பூ வைத்து, நைவேத்தியத்தைக் கொண்டுபோய் முன்னால் வைக்கிறான். பிள்ளையார் சாப்பிடவில்லை. பெரியவர்களுக்குத் தெரியும், அவர் சாப்பிட மாட்டார் என்று. பையனுக்கு யாரும் சொல்லவில்லை. நாம் ஏதோ தப்பாகச் செய்துவிட்டோம் என்று நினைத்து, அழுது, கல்லில் தலையை முட்டிக்கொள்ளப் போகிறான். பிள்ளையார் தடுத்து, வைத்ததையெல்லாம் சாப்பிட்டுவிடுகிறார். அடுத்த கவலை இன்னும் சுவாரசியம். இதற்குள் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது. லேட்டாகப் போனால் வாத்தியார் அடிப்பார். ஆகவே பாடத்தையும் நீங்களே சொல்லிக்கொடுங்கள் என்று பிள்ளையாரிடமே கேட்கிறான். அவரும் சொல்லிக்கொடுக்கிறார். பிராக்ஸி போடத் தெரியாத அந்தக் காலத்தில் இதைவிட நல்ல வழி என்ன இருக்க முடியும்?

செய்தி சோழ அரசன் காதுக்குப் போகிறது. புராணம் சொல்கிற இந்த அரசனை முதலாம் இராசராசன் என்றே பலரும் கொள்கிறார்கள். வேறு காலம் சொல்கிற ஆய்வாளர்களும் உண்டு. அரசன் வாழைப்பழம், தேன், அவல், அப்பம், எள்ளுருண்டை என்று மூட்டை மூட்டையாகக் கொண்டுவருகிறான். பிள்ளையார் அதையும் முடித்துவிடுகிறார். அதற்குப் பிறகு அரசன் கேட்டதுதான் முக்கியம். நாடு கேட்கவில்லை, வெற்றி கேட்கவில்லை. மூவர் பாடிய பதிகங்கள் எங்கே இருக்கின்றன என்று கேட்கிறான். சிதம்பரத்தில், ஆடுகிற பெருமானின் சபைக்குப் பின்னால், மூவரின் கை அடையாளம் வைத்துப் பூட்டிய அறையில் இருப்பதாக நம்பி மூலம் பதில் வருகிறது.

சிதம்பரத்தில் ஒரு சிக்கல். கோயில் அந்தணர்கள், பூட்டி அடையாளம் வைத்தவர்களே வந்தால்தான் திறக்க முடியும் என்றார்கள். இன்றைய பாஷையில் சொன்னால் மூன்று பேரும் லாகின் செய்யணும்; மூன்று பேரும் உயிரோடு இல்லை. அரசன் அப்பர், சம்பந்தர், சுந்தரர் மூவரின் திருமேனிகளையும் அலங்கரித்து ஊர்வலமாகக் கொண்டுவந்து கதவுக்கு முன்னால் நிறுத்தினான். இதோ வந்துவிட்டார்கள். இவர்கள் வெறும் பொம்மை என்று சொன்னால், உள்ளே ஆடுகிறவரையும் அப்படித்தான் சொல்ல வேண்டியிருக்கும். கதவு திறந்தது.

உள்ளே ஏடு தெரியவில்லை. புற்று தெரிந்தது.

கரையான் ஏடுகளை மூடி மண் எழுப்பியிருந்தது. குடம் குடமாக எண்ணெய் ஊற்றி, மண்ணைக் கரைத்து எடுத்துப் பார்த்தால் பெரும்பகுதி போய்விட்டது. அந்த நூல் கணக்கும் கொடுக்கிறது. சம்பந்தர் பாடியது 16,000 பதிகம், அப்பர் 49,000, சுந்தரர் 38,000, மொத்தம் 1,03,000. இதைப் புராணக் கணக்காகவே வைத்துக்கொள்ளுங்கள். இன்று கையில் இருப்பது ஏறக்குறைய 800 பதிகம்; பாட்டாக எண்ணினால் 8,000-க்குக் கொஞ்சம் மேல். அந்தக் கணக்குப்படி நூற்றுக்கு ஒன்றுகூட மிஞ்சவில்லை. அரசன் உடைந்துபோக, இந்தக் காலத்துக்கு வேண்டியதை வைத்துக்கொண்டுதான் மற்றதைக் கரையான் தின்ன விட்டோம் என்று வானத்திலிருந்து ஓர் ஆறுதல் குரல் வந்ததாம். எனக்கு அந்த ஆறுதல் போதவில்லை. உங்களுக்கும் போதாது என்று நினைக்கிறேன்.

இப்போது கல்வெட்டுப் பக்கம் திரும்புவோம். வேலூர்ப் பக்கம் திருவல்லத்தில் 9-ஆம் நூற்றாண்டுப் பல்லவர் காலக் கல்வெட்டு ஒன்று, கோயிலில் திருப்பதியம் பாடுகிறவர்களுக்குக் கொடுக்க வேண்டியதைப் பற்றிப் பேசுகிறது. அதாவது இராசராசனுக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே சில கோயில்களில் பாட்டு ஒலித்துக்கொண்டுதான் இருந்தது. மொத்தமும் ஒரே அறையில் பூட்டிக் கிடந்து ஒரே நாளில் கிடைத்ததாகச் சொல்ல முடியாது. அப்படியென்றால் நம்பி செய்தது என்ன?

அவர் செய்தது, பார்க்கக் கொஞ்சமும் கவர்ச்சி இல்லாத வேலை. அடுக்கினார்.

கலைந்து கிடந்ததைத் தொகுத்து ஏழு திருமுறையாக வகுத்தார். சம்பந்தருக்கு முதல் மூன்று, அப்பருக்கு அடுத்த மூன்று, சுந்தரருக்கு ஏழாவது. உள்ளே எப்படி அடுக்கியிருக்கிறது என்று பாருங்கள். ஊர் வாரியாக அடுக்கியிருக்கலாம். பாடியவர் நடந்து போன வரிசையில் அடுக்கியிருக்கலாம். ஆனால் சம்பந்தர் பகுதியும் சுந்தரர் பகுதியும் பண் வரிசையில் இருக்கின்றன. நட்டபாடைப் பதிகங்கள் ஒரு கட்டு, தக்கராகம் ஒரு கட்டு, இந்தளம் ஒரு கட்டு என்று போகும். அப்பரின் நான்காம் திருமுறையிலும் முன்பகுதி பண்தான். ஐந்தும் ஆறும் பாட்டின் யாப்பு வகையால் பிரிந்தவை. படிக்கிறவன் தேட வசதியான வரிசை இல்லை இது. பாடுகிறவன் தேட வசதியான வரிசை.

இங்கேதான் பெரிய ஓட்டை ஒன்று தெரிகிறது. ஏட்டில் பண்ணின் பெயரை எழுதலாம். பண்ணை எழுத முடியாது. ஃபைலுக்கு மேலே ஃபார்மட் பெயர் இருக்கு. அதைத் திறக்கிற சாஃப்ட்வேர் பாடுகிறவர் தொண்டையில் இருக்கு. தொண்டை நின்று போனால் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இதே தலைவலி அப்போது ஐரோப்பாவிலும் இருந்தது. மடாலயங்களில் பாடுகிற தோத்திரப் பாட்டைப் பையன்கள் வருஷக்கணக்காகக் கேட்டுக் கேட்டுத்தான் மனப்பாடம் செய்தார்கள். தஞ்சைப் பெரிய கோயில் எழும்பிய 11-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில்தான் இத்தாலியில் அரெஸ்ஸோ நகரத்துத் துறவி க்வீதோ, கோடுகள் இழுத்து அதில் சுரத்தை இடம் பார்த்து வைக்கிற முறையை ஒழுங்குபடுத்தினார். கேட்டே இராத பாட்டையும் தாளைப் பார்த்துப் பாட முடிந்தது. அதன் தொடர்ச்சியாக வந்தவைதான் மறுமலர்ச்சிக் காலத்துப் பெரும் பாட்டுச் சுவடிகள். சியன்னா நகரப் பேராலயத்தின் பிக்கொலொமினி நூலகத்தில் இப்போதும் அவற்றை விரித்து வைத்திருக்கிறார்கள். பதப்படுத்திய தோல், ஒரு சுவடியைச் சுற்றி நின்று பாடகர் குழு முழுவதும் படிக்கிற அளவுக்குப் பெரிய எழுத்து, கோடுகள் மேல் சதுரச் சதுரமாகச் சுரம், முதலெழுத்துக்குள் தங்க இலை ஒட்டி, ஆப்கானிஸ்தானத்துக் கல்லை அரைத்த நீலம் தீட்டிய ஓவியம். 15-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் லிபெராலே, ஜிரோலாமோ போன்ற ஓவியர்கள் வரைந்தவை.

க்வீதோவின் கோடு எங்கோ இருக்கிற சமாச்சாரம் இல்லை. தேவாரத்துக்கு அடுத்த ஊரான பண்ணைப்புரத்துக்காரர், நம்ம இளையராஜா, வாத்தியக்காரர்களுக்கு எழுதிக்கொடுக்கிற ஐந்து கோட்டுத் தாள் அந்த வம்சத்தில் வந்ததுதான்.

நம்பியிடம் அந்தக் கோடு இல்லை. தங்கமும் நீலமும் இல்லை. பழுப்பு ஓலையும் கரி பூசிய எழுத்தும்தான். இசைக்கு அவர் எங்கே போனார்?

எருக்கத்தம்புலியூருக்குப் போனார் என்கிறது புராணம். விருத்தாசலம் பக்கத்தில் இன்று இராசேந்திரப்பட்டினம் என்று சொல்கிற ஊர். ஏன் அந்த ஊர்? சம்பந்தரோடு கூடவே போய், அவர் பாடப் பாட யாழில் வாசித்தவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். அவருடைய ஊர் அது. பாணர்கள் அந்தக் காலச் சமூக அடுக்கில் கீழே வைக்கப்பட்டவர்கள். அரசனும் நம்பியும் அங்கே போய்க் கேட்க, அந்தப் பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணைக் காட்டியது தெய்வம். அவளைச் சிதம்பரத்துக்கு அழைத்துவந்தார்கள். அவள் பாடினாள். எந்தப் பதிகத்துக்கு எந்தப் பண், அதில் எத்தனை கட்டளை என்று அவள் பாடிக் காட்டியதை வைத்துத்தான் இசை வகுக்கப்பட்டது.

அரசனுக்குப் பெயர் இருக்கிறது. நம்பிக்கு இருக்கிறது. பிள்ளையாருக்குக்கூடப் பட்டப்பெயர் இருக்கிறது. அந்தப் பெண்ணின் பெயரைப் புராணம் சொல்லவில்லை.

நடந்ததோ, நடந்ததாகச் சொல்லப்பட்டதோ, கதை கட்டியவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரிந்திருக்கிறது. சொல் ஏட்டிலிருந்து வரும். அதைப் பூட்டி வைக்கலாம், சாவி கேட்கலாம். இசை ஏட்டிலிருந்து வராது. அதற்கு, பாடிப் பாடிப் பழகிய ஒரு குடும்பத்து வாசலுக்குப் போய்த்தான் நிற்கணும். அந்த வாசல் பாணர் தெருவில் இருந்தாலும் சரி. அரண்மனைக்கும் கோயிலுக்கும் பழகிய நம்பி அங்கே போனதாகச் சொல்கிறார்களே, அதுதான் அவர் வாழ்க்கையிலேயே எனக்குப் பிடித்த இடம்.

இசை ஆளிடம்தான் இருக்கிறது என்பதை இராசராசனும் புரிந்து வைத்திருந்தான். இதற்குக் கதை தேவையில்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டே இருக்கிறது. திருப்பதியம் பாட 48 பேர், உடுக்கை வாசிக்க ஒருவர், கொட்டிமத்தளம் வாசிக்க ஒருவர், ஆக 50 பேர். ஒவ்வொருவருக்கும் தினம் மூன்று குறுணி நெல். அதோடு விடவில்லை. இவர்களில் ஒருவர் இறந்தாலோ ஊரை விட்டுப் போனாலோ அவருடைய நெருங்கிய உறவினர் அந்த இடத்துக்கு வரணும். அவருக்குப் பாடத் தகுதி இல்லையென்றால், தகுதி உள்ள இன்னொருவரைப் பார்த்து அமர்த்தணும். எண்ணிக்கை குறையவே கூடாது. ஒரு சர்வர் விழுந்தால் அடுத்தது எழுந்து நிற்கணும் என்று நமக்கு நெட்வொர்க்ஸ் பாடத்தில் சொல்லித் தருகிறார்களே, அதை மனுஷங்களை வைத்துச் செய்திருக்கிறான்.

நம்பி அடுக்குவதோடு நிற்கவில்லை. அவரே எழுதிய பத்து நூல்கள் பதினோராம் திருமுறையில் இருக்கின்றன. தன் ஊர்ப் பிள்ளையார் மேல் ஒன்று. சிதம்பரத்தின் மேல் ஒன்று. அப்பர் மேல் ஒன்று. சம்பந்தர் மேல் மட்டும் ஆறு. மீதி ஒன்று திருத்தொண்டர் திருவந்தாதி. சுந்தரர் ஒரு பதிகத்தில் அடியார்களின் பெயரை வரிசையாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். பெயர் மட்டும் இருந்தால் ரெண்டு தலைமுறையில் யார் எவர் என்று தெரியாமல் போகும் அல்லவா? ஒவ்வொருவரும் எந்த ஊர், என்ன குலம், என்ன செய்தார் என்று நம்பி சுருக்கமாகப் பாடி வைத்தார். அந்தச் சுருக்கத்தை விரித்துத்தான் 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரிய புராணம் பாடினார். அதுவே பன்னிரண்டாம் திருமுறையாகச் சேர்ந்தது.

இன்று தேவாரத்தின் சொற்கள் பத்திரம். அச்சில் இருக்கின்றன, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் டிஜிட்டல் தேவாரம் 2007-லேயே வந்துவிட்டது. பண் விஷயம் அவ்வளவு நேராக இல்லை. இன்றைய ஓதுவார்கள் பழம்பஞ்சுரத்தைச் சங்கராபரணமாகவும், தக்கராகத்தைக் காம்போதியாகவும், கௌசிகத்தைப் பைரவியாகவும் பாடுகிறார்கள். அந்தப் பெண் பாடியது இப்படித்தான் ஒலித்ததா என்று சரிபார்க்க எந்த ஏடும் உதவாது. ஆனால் குரலிலிருந்து குரலுக்கு அறுபடாமல் வந்த சங்கிலியின் இந்த முனை நம்ம காலத்தில் இருக்கிறது. ஓதுவார் பணி வெகுகாலம் ஆண்களிடமே இருந்தது. 2021-ல் சென்னைக் கோயில் ஒன்றில் ஒரு பெண் ஓதுவாராக நியமிக்கப்பட்டபோது அது செய்தி ஆனது. எருக்கத்தம்புலியூர்ப் பெண்ணின் கதை தெரிந்திருந்தால் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டோம்.

நம்பியின் அடுக்கில் விடுபட்டதும் உண்டு. திருவாரூர்ப் பக்கம் திருவிடைவாய் என்று ஓர் ஊர். அந்த ஊர்க் கோயில் சுவரில், ஏடுகளில் எங்கும் இல்லாத சம்பந்தர் பதிகம் ஒன்று கல்லில் வெட்டியிருப்பது 20-ஆம் நூற்றாண்டில் கண்டெடுக்கப்பட்டது. யாரோ ஒருவர், நம்ம ஊர்ப் பாட்டு தொலைஞ்சிடக் கூடாது என்று நினைத்து, கல்தச்சரைக் கூப்பிட்டு வெட்ட வைத்திருக்கிறார். இப்போது அந்தப் பதிகமும் தேவாரப் பதிப்புகளில் சேர்ந்துவிட்டது. கரையானுக்குக் கல்லைத் தின்னத் தெரியாது.